மூட்டண்ணை தலைகீழாகக் கட்டிய புத்தகம்

“...அட்டை, அட்டை எண்டு பொதுவாச் சொல்லக் கூடாது, தம்பி. எங்கையேன் நோகுதெண்டால் டொக்டரிட்டைப் போய் ‘உடம்பு’ எண்டு மட்டுமே சொல்லுவீர்?”

கிழிந்த அகராதி ஒன்றோடு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்ற் படியிறங்கிய அன்று, புத்தகம் கட்டுகிற மூட்டண்ணை என்னை வரவேற்ற விதம் அது. ரொறன்ரோ முழுவதிலும், புத்தகத்திடம் சுகம் விசாரித்த பிறகே மனிதரிடம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். கோயிலில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அட்டைக்கும் முதுகுக்கும் நடுவில், திறக்கும்போது மடிகிற பள்ளத்துக்கு மூட்டு என்று பெயர். அதைப் பற்றி ஒரு கலியாணவீட்டில் பந்தி முடியும்வரை பேசியதில் வந்த பட்டம் அது. முதுகின் உச்சியில் எட்டிப் பார்க்கும் நூல்கரை தலைப்பட்டி. அட்டையின் உட்புறம் ஒட்டுகிற தாள் உள்தாள். “அங்கிள், இற்ஸ் ஜஸ்ட் எ கவர்” என்று சொன்ன ஒரு மருமகளின் வீட்டுக்கு அவர் இரண்டு பொங்கலுக்குப் போகவில்லை.

இருபது வருடம் பஸ் ஓட்டியபோது சனம் பேசக் கேட்டவற்றை நான் எழுதி வைத்திருந்தேன். அதை அறுபது பிரதி கெட்டி அட்டையில் கட்டித் தர அவர் சம்மதித்தார். அச்சடித்த அட்டைகளுக்குள் தாள்கட்டுகளை ஒட்டுகிற நாள், வெளியீட்டுக்கு முதல்நாள் மத்தியானம். நான் சும்மா இருந்திருக்கலாம். மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் என்ன பெயர் என்று கேட்டுவிட்டேன்.

தலை, கால் என்று தொடங்கினார். அது மாறினால் புத்தகம் சிரசாசனம் செய்யும் என்றார், அப்படிக் கட்டுகிறவன் கையைக் கழுவிவிட்டு வேறு வேலை பார்க்கவேண்டும் என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பிரதியை ஒட்டினார். நான் வாயைப் பிளந்தபடி குறிப்பெடுத்தேன்.

மறுநாள் மண்டபத்தில் முதற்பிரதியை வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் முன்னட்டையைத் திறந்தார். முதல் பக்கத்தில் ‘முற்றும்’ என்று, அதுவும் தலைகீழாக நின்றது. புத்தகத்தைத் திருப்பினார். இப்போது அட்டை தலைகீழ். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, பிரதி வாங்கி, படத்துக்கு நின்று, இறங்கிப்போய்த் திருப்பினார்கள். மேடையிலிருந்து பார்க்க மண்டபமே பஸ் ஓட்டுவது போலிருந்தது.

இரண்டாம் வரிசையில் மூட்டண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. இந்த ஊரில் அவருக்கு இருந்த பெயர் அறுபது கைகளில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். பஸ் இரண்டு பக்கமும் போய்வருவதால் புத்தகத்தையும் கடைசியிலிருந்து வாசிக்கும்படி அமைத்தோம், இது புதுமுறை என்று அளந்தேன். சனம் கைதட்டியது. அவர் பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார்.

எழும்பி மேடைக்கு வந்து மைக்கை வாங்கினார்.

“தம்பி என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுறார். தலை எது, கால் எது எண்டு பாடம் எடுத்துக்கொண்டே மாறி ஒட்டினவன் நான்தான். ஒருத்தரும் கொண்டுபோகாதேங்கோ.”

சொல்லிவிட்டு வாசலில் ஒரு பெட்டியோடு போய் நின்றார். ஒரு அன்ரி மட்டும் கைப்பையை இறுக்கினார்.

“எனக்கு உப்பிடியே இருக்கட்டும் அண்ணை. தலைகீழா இருந்தால் வீட்டிலை என்ரை மனிசன் பறிச்சு வாசிக்க மாட்டார்.”

அவரையும் விடவில்லை.

மூன்று கிழமை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டினார். ரெக்ஸ்டேலிலிருந்து பிக்கரிங் வரை தானே கொண்டுபோய்க் கொடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே காரில் ஏறினார். என் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். பழையபடி ஒன்றையாவது எனக்கு விட்டிருக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முறைத்தார். பிறகு பையின் அடியிலிருந்து, திருத்தாத பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு என் புத்தக அலுமாரிக்குப் போனார். எந்தப் பக்கம் நிமிர்த்தி வைப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சட்டைக் கையால் அதன் முதுகைத் துடைத்து, என் கையிலேயே தந்தார்.