ஞானசேகரன் மூச்சு விடுகிறார்

"மூக்கால இழுங்க, நாலு எண்ணுற வரைக்கும் புடிங்க, அப்புறம் வாயால விடுங்க" என்று மனைவி ஸ்ரீமதி சொல்லி அனுப்பியதை, கடலூர் முதுநகர் ரயில் நிலைய வாசலில் நின்று செய்து பார்த்தார் ஞானசேகரன். நெஞ்சு நிறைய இழுத்தார். சரியாக அப்போது பார்த்துக் கருவாட்டுக் கூடைகள் ஏற்றிய வண்டி ஒன்று அவரை உரசிக்கொண்டு போனது. நாலு வரைக்கும் எண்ண முடியவில்லை. இருமி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

எல்லாம் நேற்று வந்த வினை. ஞானசேகரன் முதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தின் கண்காணிப்பாளர், ஊழியர்கள் வாயில் 'சூப்பரெண்டு'. வீடு சிதம்பரத்தில். ஆறு வருடமாக ரயிலில் போய்வந்து இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். சொந்த ஊருக்கு மாறுதல் கேட்டு ஒன்பது மனு போட்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை.

நேற்று அதிகாரி சந்திரலேகா கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை சென்னையிலேர்ந்து ஜாயின்ட் டைரக்டர், நம்ம ஜே.டி., வர்றார். டென்ஷனைச் சமாளிக்க எளிய வழிகள்னு ஸ்டாஃபுக்கு யாராவது பேசணுமாம். நீங்க பேசுங்க. நல்லா அமைஞ்சா உங்க ட்ரான்ஸ்ஃபரைப் பத்தி நானே அவர்கிட்ட சொல்றேன்."

அதுவரை டென்ஷன் என்றால் என்னவென்றே தெரியாதவர் ஞானசேகரன். அவருக்குக் கீழே பதினோரு பேர். வேலையை அவர்கள் செய்வார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "ஆச்சா?" என்று கேட்பதை அவர் செய்வார். சிதம்பரம் என்ற ஆசையைக் காட்டியதும் அந்த நிம்மதி போயிற்று. பேசுவதற்கு முன் ஒவ்வொரு வழியையும் தானே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

இருமி முடித்து அலுவலகம் போய்ச் சேரும்போது மணி பத்தே கால். பத்து மணிக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழிக்கிற ஆள் அவர். பதினோரு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். சிவப்புப் பேனாவை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

இரண்டாவது வழி, ஒரு மணி நேரம் செல்போனை அணைத்து வைப்பது. அணைத்தார். மறுபடி உயிர் கொடுத்ததும் அது அலறியது.

"எங்க சார் போயிட்டீங்க?" கலெக்டர் ஆபீஸ் கூட்டத்திலிருந்து சந்திரலேகா கத்தினார். "ஏழு தடவ கூப்ட்டேன். ஜே.டி. வெள்ளிக்கிழமை இல்ல, நாளைக்கே வர்றாராம்!"

ஞானசேகரன் மூன்றாவது வழியைப் பிடித்தார். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு "ஹா" என்றார். சிரிப்பு வரவில்லை. தன்னுடைய ஒன்பது மனுக்களை நினைத்தார். உடனே வந்தது. வந்தது நிற்கத்தான் மாட்டேன் என்றது.

கதவு திறந்தது. உதவியாளர் லூர்துசாமியும், விளக்குமாறும் கையுமாக, ஆபீஸ் பெருக்கும் சின்னம்மாளும் நின்றார்கள்.

"பூனை மாட்டிக்கிச்சின்னு நெனச்சோம் சார்" என்றார் லூர்துசாமி.

"தானா சிரிச்சிக்கினு நிக்கிறாரே" என்று சின்னம்மாள் பின்வாங்கினார்.

விஷயம் பரவுவதற்குள் நான்காவது வழி. நெருங்கியவரிடம் மனம்விட்டுப் பேசுவது. லூர்துசாமியைக் கையோடு டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"மனசுவிட்டுச் சொல்றேன் லூர்து. உங்க பதினோரு பேரையும் நெனச்சா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

"எங்களுக்கும் அப்படித்தான் சார்" என்றார் லூர்துசாமி, தழுதழுத்த குரலில்.

இவ்வளவு பாசமா! ஞானசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கியதைப் பார்த்து லூர்துசாமி பயந்துபோய் ஸ்ரீமதிக்குப் போன் செய்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஸ்ரீமதி எலுமிச்சம்பழத்தோடு நின்றாள். பக்கத்தில் புவனகிரியிலிருந்து ஓடி வந்திருந்த அவள் தம்பி அன்பரசு.

"மாமா, நான் யாருன்னு தெரியுதா?"

"என் பைக்க வாங்கிட்டுப் போயி ரெண்டு வருஷமா திருப்பித் தராத ஆளு."

"தெளிவாத்தான் இருக்காருக்கா" என்றான் அன்பரசு. ஆனாலும் ஸ்ரீமதி மூன்று சுற்றுச் சுற்றித்தான் உள்ளே விட்டாள்.

மறுநாள் கூட்டம். ஜே.டி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஞானசேகரன் எழுதி வந்த தாளைப் பிரித்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பேச்சு வராமல், தெரிந்த வேலைக்கே தாவினார்.

"எல்லாரும் மூச்ச இழுங்க! லூர்து, நீங்க சரியா இழுக்கல. அனுப்பிரியா, நான் சொன்ன அப்புறம்தான் விடணும். யாரது பின்னாடி ரெண்டு தடவ விட்டது? பேரக் குறிச்சுக்கறேன்! சின்னம்மா, இழுத்தாச்சா? ஆச்சா? ஆச்சா?"

பதினோரு முகங்களும் சிவந்து வீங்கின. ஜே.டி. எழுந்து, போதும் என்று கையைக் காட்டினார்.

"ரொம்ப நன்றி. எல்லாருக்கும் ஒரு சீட்டு தர்றேன். பேர் போட வேணாம். உங்க டென்ஷன் குறைய உங்களுக்குத் தெரிஞ்ச சுலபமான வழி ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஒரு கோப்பில் குறிப்பு எழுத மூன்று நாள் எடுத்துக்கொள்பவர்கள் அரை நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தன் பேச்சைத்தான் கிழித்திருக்கிறார்கள் என்று ஞானசேகரன் முடிவே கட்டிவிட்டார். சிதம்பரம் இனி இந்த ஜென்மத்தில் இல்லை.

ஜே.டி. முதல் சீட்டைப் படித்துப் புன்னகைத்தார். ஐந்தாவது சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாவற்றையும் படித்து முடித்ததும் சந்திரலேகாவை உள்ளே அழைத்துப் போனார்.

அரை மணி நேரத்தில் ஞானசேகரன் கையில் உத்தரவு இருந்தது. மாறுதல், சிதம்பரம், உடனடியாக! இரண்டு முறை படித்தார். ஓடிப்போய் ஸ்ரீமதிக்குப் போன் செய்தார். திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. சின்னம்மாள் மட்டும் நாற்காலிகளை ஒதுக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா சின்னம்மா! ஆறு வருஷமா அசையாத ஃபைலு, என்னோட ஒரே பேச்சுல அசைஞ்சிடுச்சு!"

சின்னம்மாள் நிமிர்ந்து, வெகுளியாகச் சிரித்தார்.

"பேச்சா? அந்தச் சீட்டுல நாங்க பதினோரு பேரும் ஒரே வழியத்தான் சார் எழுதுனோம், 'சூப்பரெண்டு சாரை சிதம்பரத்துக்கே அனுப்பிடுங்க'ன்னு."