நெஞ்சுயர வரிசை

எட்டு வரிசைச் செடிகளில் ஐந்தாவது மட்டும் மொட்டையாகிக்கொண்டிருந்தது.

பொறியாளருக்குத் தலை வெடித்தது. அந்த அலுவலகக் கூடத்தின் உயிருள்ள சுவர் அவர் கைப்பட எழுப்பியது. அடியில் தொட்டி. பம்பு தண்ணீரை உச்சிக்கு ஏற்றும். அது சொட்டுச் சொட்டாகச் செடிகள் நட்ட துணிப்பைகளை நனைத்தபடி இறங்கி மறுபடி தொட்டிக்கே வரும். மேல்வரிசை குடித்த மிச்சம் கீழ்வரிசைக்கு. கீழே இருப்பவன் கொழுக்கும்போது நடுவில் நெஞ்சுயரத்தில் இருப்பவன் மட்டும் எப்படிப் பட்டினி கிடப்பான்?

"சனிக்கிழமை பாப்பேன். சொட்டையாவே இருந்தா டைல்ஸ் ஒட்டிடுவேன்," என்றார் முதலாளி.

"அதுக்குள்ள காடாக்கிடறேன் சார்."

தண்ணீரைக் கூட்டினார். தரையெல்லாம் குளம். முதலாளி வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டைல்ஸ்," என்றார்.

வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கு போட்டார். சுவர் ஜொலித்தது. வருகிறவர்களெல்லாம் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாலாவது வரிசையும் உதிர்ந்தது.

புதன்கிழமை இரண்டு வரிசையையும் பிடுங்கிவிட்டுப் பளபள இலைச் செடிகளை நட்டார். பெருமை தாங்காமல், 'இது முழுக்க முழுக்க உயிருள்ள சுவர்' என்று பலகையும் மாட்டினார். சாயங்காலத்துக்குள் ஆறாவது வரிசைக்கும் சொட்டை விழத் தொடங்கியது.

கூட்டிப் பெருக்கும் அக்கா உதிர்ந்த இலைகளை அள்ளியபடி, "சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"இது பம்பு சமாச்சாரம்க்கா. உங்களுக்குப் புரியாது."

மறுநாள் வெளியூர் வேலைக்குப் போனவர், சனிக்கிழமை வந்து நின்றார். எட்டு வரிசையிலும் புதுத் தளிர்!

"எப்படிய்யா பண்ணினே?" என்றார் முதலாளி.

பொறியாளர் நெஞ்சை நிமிர்த்தி, பம்பு, சொட்டு, துணிப்பை என்று கால் மணி நேரம் விளக்கினார்.

"கெட்டிக்காரன்தான். ஆனா பலகையில ஏன் 'எல்லாம் பிளாஸ்டிக்'னு எழுதியிருக்கு?"

பொறியாளர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் எழுதினேன் சார்," என்றாள் அக்கா துடைப்பத்தோடு. "செடி அவ்வளவு அழகா இருக்கவும், நிஜம்தானான்னு வர்றவங்க ஆளுக்கொரு இலையைக் கிள்ளிப் பாத்தாங்க. பிளாஸ்டிக்னு எழுதினப்புறம் ஒருத்தரும் தொடல."