ஸுஹைறாவின் மறதி

இனிக் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று நான் தீர்மானம் எடுத்தேன். என் மகள் றிஸ்னா மாப்பிள்ளையோடு கத்தாருக்குப் போய் மூன்றாம் நாள் அது. கல்முனைக்குடியில் தீர்மானம் எடுக்கிற ஆண்கள் நிறையப் பேர். எடுத்ததை நிறைவேற்றியவன் அபூசாலி ஒருவன்தான். அது நான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. நான் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கதிரையில் இருந்தே சம்பளம் வாங்கியவன், பென்சனும் எடுத்துவிட்டேன். ஆகவே இருப்பதில் அனுபவம் உண்டு. முன் ஹோலில் கதிரை, கையில் போன். பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் கோல் எடுப்பாள். "வாப்பா" என்பாள். நான் அழுவேன். நான் அழ, அவளும் அழுவாள். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அந்த ஐந்து நிமிடத்துக்காக அடுத்த நாள் முழுக்கக் காத்திருப்பேன். சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை. அவள் கழற்றிவிட்டுப் போன ரப்பர் செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்து வைக்க ஒருவரையும் விடவில்லை.

"கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாங்களன்," என்றாள் என் மனைவி ஸுஹைறா.

"எங்க போற?"

"எங்கயாவது."

"அங்க றிஸ்னா இருக்காளா?"

அவள் பதில் சொல்லவில்லை. முப்பத்துநாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த கிழமை அவளுக்கு மறதி தொடங்கியது.

அடுப்பில் கறி கொதிக்கிறது. "கறிக்குப் பிழியத் தேசிக்காய் வாங்க மறந்துட்டன். ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க." எங்கள் மோட்டார் சைக்கிளை அறுவடை வேலைக்கென்று அவளுடைய தம்பி ஹிஷாம் சவளக்கடைக்குக் கொண்டுபோயிருந்தான். நடந்து போனேன். வந்து கதிரையில் இருக்கக்கூட இல்லை, மல்லி இலை எங்கே என்று கேட்டாள்.

"நீ தேசிக்காய்தானே சொன்ன?"

"மல்லி இலையும் சொன்னனே. சொல்லல்லயா?"

நெற்றியில் கை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. மல்லி இலைக்கு நடந்தேன்.

வரவர முற்றியது. பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் சட்டை தைக்கக் கொடுத்தாளாம். எந்தக் கடை என்று ஞாபகம் இல்லையாம். சாய்ந்தமருதில் இத்தனை தையல் கடைகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பதினேழு கடை ஏறி இறங்கினேன். சட்டை எங்கள் தெருமுனைக் கடையில் இருந்தது. மருதமுனைக்குப் போய் எனக்கு உடுக்கக் கைத்தறிச் சாறன் வாங்கி வந்தேன். "பச்சையா சொன்னன்? நீலமெல்லா?" என்றாள். மறுபடி மருதமுனை.

பிறகு, பின்னேரம் அசர் தொழுததும் தினமும் கடற்கரைக்கு மீனுக்கு அனுப்பினாள். றிஸ்னாவின் கோலும் பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு வரத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் வசதி என்று சொல்லிவிட்டாள். நான் மீனை மறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"என்ன காக்கா, ஒவ்வொரு நாளும் பாக்கிறீங்க?" என்று மூத்தவன் என்ற மரியாதையோடு கேட்டார் கரைவலைக்காரர் கச்சிமுகம்மது.

"மகள் கத்தார்ல."

"கத்தார் மேற்கால. உங்கட முதுகுப் பக்கம்."

"அப்ப இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் மீன்தான். சும்மா நிக்கிறத்துக்கு வலையில ஒரு கை போடுங்க."

போட்டேன். அன்று உள்ளங்கை உரிந்தது. இரண்டு கோப்பை சோறு இறங்கியது. விடியச் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் தூங்கினேன். எழும்பியதும் வெட்கமாக இருந்தது. மனைவியின் தலை குழம்பிக்கொண்டு போகிறது, எனக்குப் பசிக்கிறது. ஒருத்தியை விமானம் கொண்டுபோனது. மற்றவளை மறதி கொண்டுபோனால் நான் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது?

மறதி தொடங்கி நாற்பதாம் நாள் அவளை டொக்டர் பவிதரனிடம் கூட்டிப் போனேன். அவர் கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல். அவள் மறுக்கவில்லை.

டொக்டர் மூன்று சொல் சொன்னார். "வள்ளம், கரண்டி, ஆடு. ஞாபகம் வச்சிக்கொள்ளுங்க. பிறகு கேப்பன். வீட்டுல என்னத்தை மறக்கிறீங்க?"

"அவரைத் தேசிக்காய்க்கு அனுப்பினது போன மாசம் மூணாந் திகதி, திங்கக்கிழம," என்று ஸுஹைறா தொடங்கினாள். "மல்லி இலை அண்டைக்கே. அஞ்சாந் திகதி உப்பு. ஒம்பதாந் திகதி தையல் கடை, பதினேழு கடையில கேட்டவர். பதினாலாந் திகதி பச்சைச் சாறன், பதினஞ்சில நீலம்." நாற்பது நாளையும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "வள்ளம், கரண்டி, ஆடு," என்றாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஐயா."

"வள்ளம்," என்றேன். "ஆடு." மற்றது வரவில்லை.

டொக்டர் மருந்துத் துண்டில் என் பெயரை எழுதினார்.

வெளியே வந்து வீட்டுப் பக்கம் நடந்தோம்.

"உனக்கு மறதியே இல்லயா புள்ள?"

"இல்ல."

"அப்ப ஏன் என்னைப் பயப்படுத்தின?"

"நடங்க எண்டு சொன்னன், கேட்டீங்களா? மகள் கத்தாருக்குப் போனா. நீங்க கதிரைக்குப் போனீங்க. எனக்கு ஆரு இருக்கா?"

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

"மகளை நினைச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது," என்றேன். "நடந்தாலும் அடைக்குது. மூச்சு மட்டும் விட ஏலுது."

"எனக்கும் அப்பிடித்தான்."

"நீ ஒரு இடமும் நடக்கல்லயே. நீ எப்பிடித் தாங்கின?"

ஸுஹைறா முக்காட்டைச் சரி செய்தாள்.

"நீங்க வாசல் தாண்டினதும் றிஸ்னா எனக்குக் கோல் எடுப்பாள். உங்கட அழுகை இல்லாம, ஒரு மணித்தியாலம் ஆறுதலாக் கதைப்பம்."

நாற்பது நாளும் கால் என்னுடையது. கோல் அவளுடையது.