இடது கடைவாய் செய்த வேலை

நான் இதுவரை ஒன்பது முறை சாகத் தயாராகியிருக்கிறேன். எட்டு முறை, நானே கண்டுபிடித்த வியாதி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஒன்பதாவது முறையை மட்டும் அறுபத்து நான்கு பேர் பார்த்தார்கள். (எண்ணியது நான்தான். வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை?)

அப்போது கீழ்வேளூர் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் வாங்கும் பொறுப்பில் இருந்தேன். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த காலம். தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத். ஆலைக்குள் வெளிநாட்டு மெஷின்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஆனால் நெல்லில் ஈரம் பார்க்கிற மெஷின் நான்தான். லோடுக்கு நாலு நெல் எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பேன். ‘கடக்’ என்று முறிந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் இன்னும் ஒரு நாள் களத்தில் போடச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். சம்பா அறுவடையில் நாளைக்கு அறுபது லோடு வரும். ஆக, இருநூற்று நாற்பது நெல். அத்தனையும் இடது பக்கம். அந்தப் பக்கத்துச் சத்தம்தான் எனக்குப் பழக்கம்.

அந்த வருஷம் மூன்று வலிகள் வந்தன. இடது காதுக்குள் குத்தல், இடது நெற்றிப்பொட்டில் தெறிப்பு, கழுத்தில் ஓர் இழுப்பு. நான் ஒழுங்கு தெரிந்தவன். காது வலியைக் காது டாக்டரிடம் மட்டும் சொன்னேன். நெற்றிப்பொட்டைக் கண் டாக்டரிடம் கொண்டுபோனேன். கழுத்தை எலும்பு டாக்டருக்கு ஒதுக்கினேன். ஒருவருடைய இலாகாவில் இன்னொருவருடைய வலியைக் கொண்டுபோய் வைப்பது மரியாதையா? காது டாக்டர் “காது சுத்தமா இருக்கு” என்றார். கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். எலும்பு டாக்டர் தலையணையைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணாடியும் இல்லாத தலையணையுமாக நாலு மாதம் கழிந்தது. பிறகு நானே முடிவுக்கு வந்தேன்: மூளையில் கட்டி.

வெளியே சொல்ல முடியாது. என் மகள் கிரேஸுக்கு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை சாமுவேலுக்குக் குவைத்தில் வேலை. நாற்பத்தைந்து நாள் லீவில் பத்தொன்பது நாள் போய்விட்டது. கட்டி என்று தெரிந்தால் பேச்சு நின்றுபோகும். அவருக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை நான் இருப்பேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். (உண்மையாகவே கடித்தேன். வலி கூடியது அதனால்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.)

என் மனைவி எஸ்தருக்கு மட்டும் லேசாகச் சந்தேகம்.

“என்னங்க, மூணு நாளா முறுக்கு டப்பாவத் தொடவே இல்ல?”

“ஆசை போயிடுச்சு.”

“யாருக்கு, உங்களுக்கா?”

நிச்சயதார்த்தம் எங்கள் கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை காலை. மாப்பிள்ளையின் அப்பா திருவையாற்றுப் பக்கத்து விவசாயி. வந்ததும் வராததுமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“சம்பந்தி, நம்ம வயல் நெல்லு. ஒரு கடி கடிச்சுச் சொல்லுங்க.”

மற்றவர்களிடம் மாட்டேன் என்று சொல்லலாம். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடத்தில் எப்படிச் சொல்வது? நாலு நெல் கடித்தேன். நாலாவது நெல்லுக்குக் காதுக்குள் மின்னல் வெட்டியது.

“பிரமாதம்,” என்றேன். கண்ணில் தண்ணீர்.

“பாத்தியாடா, நம்ம நெல்லக் கடிச்சதும் சம்பந்திக்குக் கண்ணு கலங்கிடுச்சு!” என்று மனிதர் மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு போதகர் ஜெபம் ஆரம்பித்தார். மணமக்களுக்காக, இரு குடும்பங்களுக்காக, மேட்டூருக்கு வரவேண்டிய தண்ணீருக்காக, குவைத்திலும் தோஹாவிலும் இருக்கிற சபைப் பிள்ளைகளுக்காக. ஒன்பதாவது நிமிஷத்தில் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. கையால் மறைத்துக்கொண்டு விட்டேன். காதருகே ‘டக்’ என்றது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பதினோராவது நிமிஷத்தில் ஆமென். போதகர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பெண்ணின் தகப்பனாரே, உங்கள் மகளை இந்தக் குடும்பத்தில் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

“ஆ,” என்றேன்.

“சம்மதம்னு வாயால சொல்லணும் ஐயா.”

“ஆ... ஆ.” தாடையிலிருந்து வேட்டிக்கு ஜொள்ளு இறங்கியது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். “என்னங்க இது, பொண்ணோட அப்பாவுக்கு வலிப்பா? இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“அவருக்கு ஒண்ணும் இல்லீங்க!” எஸ்தர் பதறினாள். “காலையில கூட ஆறு இட்லி சாப்பிட்டாரு.”

நான் விரல்களால் ஏழு என்று காட்டினேன். (சாகிற நேரத்திலும் கணக்கு தவறக்கூடாது.) அது வலிப்பின் அடுத்த கட்டம் என்று நினைத்து நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். கிரேஸ் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அப்பா மோதிரப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி மூடிய சத்தம், என் தாடைச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

அப்போது மாப்பிள்ளையின் சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தஞ்சாவூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

“எல்லாரும் கொஞ்சம் நகருங்க. ரெண்டு கைக்குட்டை குடுங்க.” கட்டைவிரல்களில் துணியைச் சுற்றினார். “அண்ணே, மூடினதும் என் விரலக் கடிச்சிடாதீங்க.” இரண்டு பக்கமும் கடைசிப் பற்களின்மேல் விரலை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். மறுபடி ஒரு ‘டக்’. வாய் மூடிக்கொண்டது.

விடவில்லை அந்த அம்மா. என் காதுகளுக்கு முன்னால் விரலை வைத்தார். “மெதுவா, கொஞ்சமா திறங்க. மூடுங்க. சொடுக்குது பாருங்க. காது வலிக்குமா?”

“வலிக்கும்.”

“நெத்திப்பொட்டு? கழுத்து?”

தலையாட்டினேன். மூன்று டாக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை இந்த அம்மா ஒரே மூச்சில் சேர்த்துவிட்டாரே!

“இது தாடை மூட்டு அண்ணே. இது கெட்டா சுத்தி இருக்கற எல்லா இடமும் வலிக்கும். அப்படி என்னத்தக் கடிக்கிறீங்க?”

“நெல்லு.”

“எத்தனை?”

“ஒரு நாளைக்கு இருநூத்தி நாப்பது. இன்னைக்கு நாலுதான்.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “அப்ப... மூளையில கட்டி இல்லையா?”

“எந்தக் கட்டி?” என்றாள் எஸ்தர்.

அறுபத்து நான்கு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. எஸ்தர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “வலியக்கூடவா பங்கு போட்டுக் குடுப்பாங்க?”

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பா. “அந்தத் தாடையக் கழட்டினது என் நெல்லு. பொறுப்பு எங்களோடது,” என்று பெட்டியைத் திறந்தார். தாய்மாமன் உட்கார்ந்தார். பிள்ளைகள் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். பதினாறு நாளில் கல்யாணம்.

தஞ்சாவூர்ப் பல் டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு மாதம் கஞ்சி, வெந்நீர் ஒத்தடம், பல்லுக்கு ஒரு தகடு, நெல்லுக்குத் தடை. முதலாளி ஈரம் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவிட்டார். முதல் நாள் அதைச் சோதிக்க, யாருக்கும் தெரியாமல் வலது பக்கம் ஒரே ஒரு நெல் கடித்தேன். மெஷின் சொன்னது சரிதான். தாடை வலிக்கவில்லை, மெஷின் சரியாகச் சொன்னதுதான் வலித்தது.

அன்றைய சிரிப்பில் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டார்கள். போதகர் என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை. கிரேஸும் சாமுவேலும் இப்போது கனடாவில். சண்டை வரும்போதெல்லாம் அவள் சொல்வாளாம்: “எங்கப்பா இன்னும் சம்மதம் சொல்லல, ஞாபகம் இருக்கட்டும்.” உடனே மாப்பிள்ளை போனில் கூப்பிடுவார். “மாமா, ரெண்டு புள்ளையும் ஆயிடுச்சு. இப்பவாவது சொல்லுங்க.”

“யோசிச்சுச் சொல்றேன் மாப்ள.”

அந்த இரண்டு பிள்ளைகளும் திரையில் முகத்தை நுழைத்து, வாயைப் பிளந்து “ஆ...” என்று காத்திருக்கும். நானும் திறப்பேன், இரண்டு விரல் அகலத்துக்கு. அதற்குமேல் திறக்க டாக்டர் அனுமதி இல்லை.