பொய்யை உண்மையாக்கிய அலெக்சாண்டர்

"அஞ்சும் சேர்ந்தாத்தான் மோசடி, மாமா," என்றாள் ஷார்மேன். ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறவள். "பொய் சொல்லணும். பொய்ன்னு தெரிஞ்சே சொல்லணும். அவங்க நம்பணும்னே சொல்லணும். அவங்களும் நம்பி இறங்கணும். அதுல நட்டப்படணும்."

அவள் விரல் மடக்கி எண்ணும்போதே அலெக்சாண்டருக்கு வியர்த்தது. வீடு பார்க்க வந்த ஜெயபாலனிடமும் அவர் மனைவி சரளாவிடமும், இந்தத் தாமான் குடியிருப்பில் எறும்பு தும்மினாலும் கேட்கும், அவ்வளவு அமைதி என்று அளந்துவிட்டிருந்தார். பக்கத்து வீட்டில் பவித்ரனின் உறுமி மேளக் குழு கூரை பறக்க அடிப்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஜொகூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் பெண். வீட்டை விற்றால்தான் அவர் அங்கே போய் அவளோடு இருக்க முடியும்.

"பேசாம உண்மையச் சொல்லிடுங்க லா," என்றாள் ஷார்மேன்.

அது ஒன்றுக்குத்தான் அவருக்கு மனம் வரவில்லை. கையெழுத்துக்கு முன் பொய்யையே உண்மையாக்கிவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டார்.

முதலில் ஒரு தட்டு கறிப்பாப் பலகாரத்தோடு பவித்ரன் வீட்டுக்குப் போனார். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வாய் வராமல், அடி பிரமாதம் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த புகழ்ச்சியை நிறுத்தத் தெரியவில்லை. ரசிகர் கிடைத்த சந்தோஷத்தில் அன்று மாலையே குழு முழுவதும் அவர் வாசலுக்கு வந்து அடித்துவிட்டுப் போனது.

அடுத்ததாக, காம்பார் பக்கம் மூடிக்கிடந்த தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோரைத் தெரிந்தவர் மூலம் பேசி முடித்தார். குழுவின் ஒத்திகைக்கு என்றுதான் பவித்ரனிடம் சொன்னார். இடம் பிடித்துப்போன பவித்ரன், குடும்பத்தோடு அந்த ஊருக்கே வீடு மாறிவிட்டான். அலெக்சாண்டர் லாரியில் தானே கட்டில் ஏற்றிக் கொடுத்தார்.

ஜெயபாலனும் சரளாவும் மறுநாள் வந்தார்கள். நிஜமாகவே எறும்பு தும்மினால் கேட்கும்போல் இருந்தது. அலெக்சாண்டர் பெருமையாகப் பேனாவை நீட்டினார். ஜெயபாலன் அதை வாங்காமல் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க அமைதின்னு சொன்னப்பவே பொய்ன்னு தெரியும்ணே," என்றாள் சரளா. "எங்க பையன் அந்த மேளக் குழுவுலதான் அடிக்கிறான். பக்கத்துலயே இருந்தா கண்ணு முன்னால இருப்பான்னுதான் இந்த வீட்டப் பாத்தோம். இப்ப அவங்க காம்பாருக்குப் போயிட்டாங்களாமே, அங்க ஏதும் வீடு விக்கிறாங்களாண்ணே?"