கள ஆய்வில் ஒரு நீலச்சட்டை

நகரத் திட்ட அதிகாரி அந்த வரியை மூன்றாவது முறையாகப் படித்தார். சாப்பாட்டு மேஜையில் கிடந்த, மனைவியின் நோட்டு. அவள் சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறவள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பற்றி எழுதுகிறாள்.

‘விளக்கில்லாத மூலையில் நீலச்சட்டைக்காரர். இருட்டும்வரை பேசினோம்.’

நோட்டும் கையுமாகச் சமையலறைக்குப் பாய்ந்தார்.

“யாரு இந்த நீலச்சட்டை?”

“பேர் சொல்லக் கூடாதுங்க. ஆராய்ச்சி தர்மம்.” அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு ஜனங்களைத் தெரியும், உங்களுக்குத் திட்டம் போடத் தெரியும், சேர்ந்து வேலை செய்யலாம்னு எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா?”

“உன் வேலை வேற, என் வேலை வேற!”

மறுநாள், மூன்று வருடமாகத் தூங்கிய தெருவிளக்குக் கோப்பைத் தட்டி எழுப்பினார். நான்கே நாளில் அந்த மூலை பட்டப்பகலாகிவிட்டது. இனி எங்கே ஒளிவான், பார்க்கலாம்!

‘வெளிச்சத்தில் இன்னும் களையாக இருக்கிறார். சாலையைக் கடக்கும்போது பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.’

அதிகாரிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே இரண்டு வேகத்தடை, பளிச்சென்று வெள்ளைக் கோடுகள்.

“என்ன சார் திடீர்னு?” என்றார் பொறியாளர்.

“உயிர் முக்கியம்யா!” என்று சீறினார். யாருடைய உயிர் என்று சொல்லவில்லை.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. ‘ஒரே குடையில் நின்றோம்.’ பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கைகளோடு ஒரு நிழற்குடை கட்டவைத்தார்.

‘இப்போது உட்கார்ந்தே பேசுகிறோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.’

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளோடு சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியதாக அவருக்கே ஞாபகம் இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று சாயங்காலம் நேரிலேயே போனார்.

நிழற்குடையில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் மனைவி. நீலச்சட்டை ஒன்றுகூட இல்லை.

“எங்க அவன்?”

அவள் பதில் சொல்வதற்குள், பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரியை அந்த அம்மாள் முன்பின் பார்த்ததில்லை.

“எங்க தெருவுல சாக்கடை உடைஞ்சு ஆறு மாசமாச்சும்மா. உங்க வீட்டுக்காரர் படிக்கிற நோட்டுல, அந்த நீலச்சட்டைக்காரரை அங்கயும் ரெண்டு நாள் நிக்க வச்சு எழுதுங்களேன்!”