சூடேற்றப்பட வேண்டிய சீர்திருத்தவாதி

"ஏங்க, யாருங்க இந்தப் பாவப்பட்ட மனுசன்?" என்று கேட்டாள் மணிமொழி.

முத்தமிழ்செல்வன் இட்லியை விழுங்கிவிட்டு, மனைவி கையிலிருந்த நகலை வாங்கினான். முந்தின நாள் அவனே எழுதி, பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்த விண்ணப்பம்.

"எங்கள் ஆலையில் உள்ள சீர்திருத்தவாதியை இதுவரை எண்ணெய் ஊற்றிச் சூடேற்றி வந்தோம். புகை அதிகம் வருவதால், இனி மின்சாரத்தில் எண்ணூறு டிகிரிக்குச் சூடேற்ற இணைப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்."

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான்.

விஷயம் இதுதான். லெப்பைக்குடிகாடு ஷேக் தாவூது பாய், சவூதியில் பதினைந்து வருஷம் கேஸ் ஆலையில் உழைத்துவிட்டு வந்து, அரியலூர் ரோட்டில் சின்னதாக ஓர் ஆலை போட்டிருந்தார். எரிவாயுவையும் நீராவியையும் குழாய்க்குள் விட்டுக் காய்ச்சினால் சின்கேஸ் என்கிற வாயு வரும். அதிலிருந்து உரமும் செய்யலாம், பெயிண்டுக்கு வேண்டிய சரக்கும் செய்யலாம். காய்ச்சுகிற எந்திரத்துக்குப் பெயர் ரிஃபார்மர். எண்ணெய் எரித்துக் காய்ச்சியதில் அக்கம்பக்கத்துப் பருத்தியெல்லாம் கறுத்துப்போய், ஊரே ஆலை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. கரண்டில் காய்ச்சினால் அந்தப் புகை கிடையாது.

கரண்டு கேட்டு பாய் இங்கிலீஷில் எழுதியதை, 'தமிழில் மட்டும் அனுப்பவும்' என்று ஆபீஸ் திருப்பி அனுப்பியது. எம்.ஏ. தமிழ் படித்த ஆலைக் கிளார்க் சும்மாதானே இருக்கிறான் என்று இவனிடம் கொடுத்தார்கள். இவனும் பொறுப்பாக அகராதியைப் புரட்டினான். ரிஃபார்மர் என்றால் சீர்திருத்தவாதி. அகராதி மேல் தப்பில்லை.

"முப்பதாம் தேதிக்குள்ள லைன் வரணும் தம்பி," என்று பாய் சொல்லியிருந்தார். "வரலேன்னா ஆலையை மூடணும். மொதல்ல நீ வூட்டுக்குப் போவே, பின்னாடியே நானும் போவேன்."

மணிமொழி கேட்ட அன்றைக்கே பாய்க்குத் தெரியாமல் ஓடிப்போய் இன்னொரு கடிதம் கொடுத்தான். "முந்தைய கடிதத்தில் உள்ள சீர்திருத்தவாதியைத் தயவுசெய்து நீக்கிவிடவும். அது ஆள் அல்ல, குழாய்."

ஒரு வாரத்தில் பதில் வந்தது. "குழாய் இணைப்பு எமது பிரிவின் பணி அல்ல. கோப்பு குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டது."

குடிநீர்ப் பிரிவுக்கு எழுதினான். "எங்களுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. வாயுப் பிரச்சினைதான்."

கோப்பு சுகாதாரப் பிரிவுக்குப் போய்விட்டது. இருபத்தெட்டாம் தேதி காலையில் சாந்தா என்கிற நர்சம்மா, பை நிறைய மாத்திரையோடு ஆலை கேட்டில் வந்து இறங்கினார்.

"வாயுத் தொல்லைன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை பேருக்கு?"

"ஆளுங்களுக்கு இல்லீங்க, ஆலைக்கு."

"ஆலை முழுக்கவா?" நர்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தார். "கொஞ்ச நாளைக்கு எல்லாரும் மொச்சைக்கொட்டையை நிறுத்துங்க."

சத்தம் கேட்டு வந்த பாய் கையிலும் நர்சம்மா ஒரு பட்டை மாத்திரையைத் திணித்து, சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லிவிட்டுப் போனார். இனி மறைக்க வழியில்லை. முத்தமிழ்செல்வன் எல்லா நகலையும் எடுத்து நீட்டினான். பாய் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும், கையிலிருந்த மாத்திரையில் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டார்.

"யா அல்லாஹ். நாளைக்கு நேர்ல போய்க் கால்ல விழுவோம், வா."

மறுநாள் ரெண்டு பேரும் பஸ் பிடித்து பெரம்பலூருக்குப் போனார்கள். வேலை போனதை மணிமொழியிடம் எப்படிச் சொல்வது என்று முத்தமிழ்செல்வன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். அதையும் நல்ல தமிழில் சொல்லித் தொலைக்கக் கூடாதே என்று பயமாக இருந்தது.

ஆபீசில் குஞ்சம்மாள் என்கிற கிளார்க் அம்மா ஃபைலை எடுத்து வைத்தார்.

"அம்மா, நாங்க யாரையும் கொளுத்தலீங்க," என்றான் முத்தமிழ்செல்வன். "சீர்திருத்தவாதின்னு எழுதுனது என் தப்பு. மொதலாளிக்கு ஒண்ணுமே தெரியாது. பெரிய மனசு பண்ணுங்க."

குஞ்சம்மாள் ஒன்றும் புரியாமல் ஃபைலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுல என்னங்க தப்பு? எங்க கலெக்டர் சார் வடநாட்டுக்காரரு, தமிழ் வராது. எல்லா லெட்டரையும் நான்தான் அகராதி பார்த்து இங்கிலீஷ்ல எழுதி வைப்பேன். சீர்திருத்தவாதின்னா ரிஃபார்மர்னு போட்டேன், அன்னிக்குச் சாயங்காலமே லைனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்கதானே மறுநாளே ஓடியாந்து நீக்கச் சொன்னீங்க?"